நீல வில்லை முருகை

மின்ஹாஜ் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, என் சமையலறை மேசையில் ஒரு கண்ணாடிப் போத்தலை வைத்தார். அதற்குள் விரல் நீளத்தில் ஒரு முருகைத் துண்டு செத்து வெளிறிக் கிடந்தது. பவளம் என்று மற்றவர்கள் சொல்வதைத்தான் நாங்கள் முருகை என்கிறோம்.

"சந்திரவதனாக்கா, இது ஒங்கடதானே? ஜதுர்சன்ட கடையில எடுத்த. இதில வந்த புழு என்ட தொட்டியில இருந்த கொம்பு முருகை எல்லாத்தயும் திண்டு முடிச்சிட்டு. இண்டைக்கி குரூப்பில போடப் போறன்."

துண்டு நீல வில்லையில் ஒட்டியிருந்தது. வீட்டுத் தொட்டியில் முருகை வளர்க்கும் எங்கள் குழுவில், துண்டுகளை ஒட்டச் சீமெந்தில் நீலத்தூள் கலந்து வில்லை வார்ப்பது நான் ஒருத்திதான். மோர்னிங்சைட் வீட்டின் பேஸ்மென்ற் தொட்டியில் ஒரு தாய் முருகையை ஏழு வருடமாக வளர்க்கிறேன். அதன் கொம்புகளை வெட்டி ஒட்டி ஜதுர்சனிடம் விற்கக் கொடுக்கிறேன். நீல வில்லை என்றால் தொட்டியிலேயே வளர்ந்தது, கடலின் பூச்சி புழு எதுவும் இராது என்று ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். அந்தப் பெயரைத்தான் இந்த மனுஷன் நாறடிக்கப் போகிறார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"தொட்டியில விட முதல் மருந்துத் தண்ணியில முக்கினனீங்களோ?"

"ஒங்கட எண்டுதானே முக்காம விட்ட."

நல்ல நியாயம்! வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். வெட்டிய கொம்பு வேர்விட்டதுபோல் பரவி வில்லையை மூடும்வரை நான் கடைக்குக் கொடுப்பதே இல்லை. ஜதுர்சன் அவசரப்படுத்தினாலும் மாதக்கணக்கில் காக்கவைப்பேன். இதில் பசை அப்பட்டமாகத் தெரிந்தது. பசைக்குள் பழைய பாறைத் துணுக்கு ஒன்று, அதில் ஒரு சின்னச் சிப்பி.

"இது என்ர இல்லை. கடலில உடைச்சது. வாங்கோ, போய்க் கேப்பம்."

வோபர்னில் கடை திறந்திருந்தது. போத்தலைக் கண்டதும் ஜதுர்சனின் முகத்தில் ஈயாடவில்லை.

"அன்ரி, ஆக்கள் blue disc-தான் வேணும் எண்டு நிக்கினம். நீங்கள் மாசத்துக்கு ஒரு கைப்பிடிதான் தாறியள். நீங்கள் தந்த வெறும் வில்லை கொஞ்சம் கடையில கிடந்தது..."

"அதில கடல் முருகையை ஒட்டினனீ?"

"ரெண்டும் முருகைதானே அன்ரி. Same species!"

"கடலில எடுத்ததை விக்காத எண்டு ஆர் சொன்னது? கடலில எடுத்தது எண்டு சொல்லி வில்! அவர் முக்கிப்போட்டு விட்டிருப்பார். என்ர பேரை ஏன் அதில ஒட்டினனீ?"

கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. மின்ஹாஜ் தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிச்சுக்கோங்க அக்கா" என்றார். என் பெயர் தப்பிவிட்டது. உள்ளுக்குள் ஒரு வெற்றிக் களிப்புக்கூட எழுந்தது, பொய் சொல்வானேன். போகத் திரும்பியவள் சும்மா ஒரு கேள்வி கேட்டேன்.

"ஒட்டினதை எந்தத் தொட்டியில வச்சிருந்தனீ?"

"உங்கட துண்டுகளோடதான், அன்ரி."

சென்ற மாதம் நிறம் மங்கிப்போன என் துண்டுகள் சிலவற்றைத் தேற்றித் தரச் சொல்லி அவன் திருப்பித் தந்திருந்தான். கொண்டுவந்த கையோடு தாய் முருகைக்குப் பக்கத்தில் விட்டுவிட்டேன். ஊரார் வீட்டுத் துண்டையெல்லாம் மருந்தில் முக்குகிறவள், என்னுடையவைதானே என்று அவற்றை முக்கவில்லை.

மின்ஹாஜ் என் வீட்டுக்குக் காரை விரட்டினார். பேஸ்மென்றில் அவர் ரோர்ச் பிடிக்க, நான் பீச்சாங்குழலால் தாய் முருகையின் அடியில் தண்ணீரை அடித்தேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி அடித்தேன். தோல் உரிந்ததுபோல் ஒன்று எழும்பி, நெளிந்து, இன்னொரு கொம்பில் ஒட்டிக்கொண்டது. தட்டைப்புழு. அடித்தண்டில் முட்டைகள் பழுப்பாக அப்பிக் கிடந்தன.

முட்டையை எந்த மருந்தும் கொல்லாது. புழு ஏறாத நுனிகளை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சம் முழுவதையும் எறிய வேண்டும். வெட்டுக்குறட்டை எடுத்தேன். முதல் கொம்பு முறிந்தபோது அழுதுவிட்டேன். வெட்கப்படவில்லை. ஏழு வருடம் வளர்த்தது குப்பை வாளியில் முடிந்தது.

"அக்கா, நான் ஜதுர்சன்ட பேரத்தான் போடுவன்" என்றார் மின்ஹாஜ். "ஒங்கட பேர் வராது. இது யாருக்கும் தெரியத் தேவயில்ல."

ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை அட்சயா நேரே வீட்டுக்கு வந்து, இதே தொட்டியிலிருந்து இரண்டு துண்டு வாங்கிப் போயிருந்தாள். றிச்மண்ட் ஹில்லில் புதிதாகத் தொட்டி வைத்த பெண். ஈரக் கையோடு அவளுக்கு ஃபோன் எடுத்தேன்.

"பிள்ளை, நான் தந்த துண்டை முக்கினனீரோ?"

அவள் சிரித்தாள். "இல்லை அன்ரி. உங்கட துண்டில என்ன வரப்போகுது?"

"வந்திட்டுது பிள்ளை. புழு. என்ர தொட்டியிலயிருந்து நான்தான் தந்தனான்."

மறுமுனையில் சிரிப்பு நின்றது. பிறகு, தொட்டியை நோக்கி ஓடும் காலடிச் சத்தம் கேட்டது.