பாடம் கேட்டவர்

பஞ்சை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, பிழிந்து, மனைவியின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தார் லிஃப்ட் மெக்கானிக். ஒரு சொட்டுகூடத் தொண்டைக்குள் இறங்கிவிடக் கூடாது; முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்ள வேண்டும். ஸ்பானர் பிடித்த கைக்கு இந்தப் பக்குவம் எங்கிருந்து வந்தது என்று, கட்டிலின் அந்தப் பக்கம் நின்ற மச்சான் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“பாருங்க மாப்ள, குறட்டை விட்டுத் தூங்குறா. நேத்தைக்கு இன்னிக்குத் தேவல. நாலு மணி விழாவுக்கே கெளம்பிருவா போல.”

அவர் பஞ்சை மறுபடி நனைத்தார். மூன்று நாளைக்கு முன், தன்னுடைய அந்தப் பட்டமளிப்பு விழாவுக்குத்தான் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்து, நின்ற இடத்திலேயே சரிந்துவிட்டாள். ஆபரேஷன் செய்தும் பயனில்லை என்று டாக்டர் அன்றைக்கே சொல்லிவிட்டார். தங்கையைத் தோளில் தூக்கி வளர்த்த மச்சானுக்குத்தான் அது காதில் ஏறவில்லை.

மூச்சு கரகரவென்று ஏறியது, இறங்கியது, நின்றது. அவர் மனதுக்குள் எண்ணினார். பதினான்கு வந்ததும் மறுபடி ஏறியது. காலையில் எட்டுதான் வந்தது.

அது குறட்டை இல்லை என்று அவருக்குத் தெரியும். இரண்டு வருஷம் அவளுக்குப் பாடம் கேட்டவர் அவர்தானே.

பதினொரு வருஷம் இதே ஆஸ்பத்திரியில் தரை துடைத்தவள் அவள். “கட்டிலுக்கு அடியில தொடச்சது போதுங்க. மேல படுத்திருக்கறவங்களப் பாத்துக்கணும்” என்று ஒரு நாள் வந்து நின்றாள். நாற்பத்து மூன்று வயதில் சமுதாயக் கல்லூரியில் நர்ஸிங் உதவியாளர் படிப்பு. “இப்ப இது தேவையா?” என்று அவர் ஒரே ஒரு தடவை கேட்டார். இரண்டு நாள் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அடுப்படியை அவரே எடுத்துக்கொண்டார். அவள் கேள்விகளை அட்டையில் ஒரு பக்கமும் பதில்களை மறுபக்கமும் எழுதித் தருவாள். அவர் கரண்டியும் கையுமாக எழுத்துக்கூட்டிக் கேட்பார். நுரையீரல் அவர் வாயில் ‘நுரை’ தனி, ‘ஈரல்’ தனி. “நீங்க கேக்குற அழகுக்கு நோயாளி எந்திரிச்சே ஓடிருவான்” என்று சிரிப்பாள்.

மூச்சு விட்டுவிட்டு வந்தால் என்ன பொருள்? அந்த அட்டை முதல்முறை கையில் வந்தபோது அவர் அடியில் செருகிவிட்டார். அவள் விடவில்லை. எடுத்துக் கேட்க வைத்துப் பதிலையும் சொன்னாள்: நேரம் நெருங்கிவிட்டது. வீட்டாரிடம் மறைக்கக் கூடாது. காது கடைசிவரை கேட்கலாம், பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

மகள் போனோடு உள்ளே வந்தாள்.

“அப்பா, காலேஜ் மிஸ் கூப்புட்டாங்க. அம்மா பேர மேடையில வாசிக்கலாமான்னு கேக்குறாங்க. படிக்க வச்சவங்களையும் மேடைக்குக் கூப்புடுவாங்களாம். நீங்க வருவீங்களான்னு...” அவள் கட்டிலைப் பார்த்தாள். “அம்மா எந்திரிச்சிருவாங்கல்லப்பா?”

பொய் நுனிநாக்கில் தயாராக இருந்தது.

“இல்லம்மா. இன்னிக்கேதான். ரொம்ப நேரம் இல்ல.”

“என்ன மாப்ள, வாயில வந்ததச் சொல்றீங்க!” என்று மச்சான் சீறினார். அடுத்த முறை மூச்சு நின்றபோது அவர் உதடும் எண்ணத் தொடங்கியது. இருபதைத் தாண்டியதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“பேர வாசிக்கச் சொல்லு. நான் வரலன்னு சொல்லிடு. இங்க வந்து அம்மா கையப் புடி. காது கேக்கும். ஏதாவது பேசு.”

மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். அவருக்கு என்ன பேச வரும்? இருபத்தோரு வருஷத்தில் வீட்டில் அவர் பேசியதையெல்லாம் ஒரு டம்ளரில் அடக்கிவிடலாம். பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் மட்டும், கதவு திறக்கும்வரை வெளியிலிருந்து விடாமல் பேசுவார்.

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“மொதக் கேள்வி. காய்ச்சல் பாக்கறதுக்கு முன்னாடி என்ன கேக்கணும்?” சற்று நிறுத்தினார். “சூடா ஏதாவது குடிச்சாங்களான்னு கேக்கணும். சரி. ரெண்டாவது. படுத்த படுக்கையா கெடக்கறவங்கள எத்தன மணி நேரத்துக்கு ஒருதரம் பொரட்டிப் படுக்க வைக்கணும்? ரெண்டு மணி. சரி.”

ஒவ்வொரு கேள்விக்கும், அவள் பதில் சொல்வதற்கு ஆகும் நேரத்தை விட்டார். நுரை, ஈரல் என்று வந்தபோது மகள் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

இருபத்தாறாவது கேள்வியில் நின்ற மூச்சு திரும்பவில்லை. நூறுவரை எண்ணினார். பிறகு அந்தக் கேள்விக்கும் பதிலைச் சொன்னார். “சரி” என்றார். அப்போது மணி நாலேகால்.

ஐந்தரைக்கு, விழா முடிந்த கையோடு, அவளுடன் படித்த இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி டாக்ஸி ஓட்டிக்கொண்டே படித்தவள்; மற்றவளுக்குப் பேரப்பிள்ளை உண்டு. இருவரும் பட்ட அங்கியைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தார்கள்.

“பேர வாசிச்சாங்கண்ணே. எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டுனோம்” என்றாள் டாக்ஸிக்காரி. அப்புறம் குரல் இறங்கியது. “அக்காவ நாங்க தொடச்சு, துணி மாத்தி விடட்டுமா? நர்ஸம்மா சரின்னுட்டாங்க.”

அவர் தலையாட்டினார். இருவரும் அங்கிகளைக் கழற்றினார்கள். வைக்கச் சுத்தமான இடம் தேடிப் பார்த்துவிட்டு, நீட்டிய அவர் கைகளின் மேலேயே போட்டார்கள். திரை இழுபட்டது.

“கை கடுக்கும் மாப்ள, இப்படிக் குடுங்க” என்றார் மச்சான்.

“இருக்கட்டும்.”

திரைக்கு அப்பால் இரண்டு பெண்களும் தணிந்த குரலில் அவளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். கறுப்பு அங்கியின் ஓரம் தரையில் படாதபடி, அவர் முழங்கைகளை இன்னும் சற்று உயர்த்திக்கொண்டார்.