கிளம்பாத ஏழாம் எண்

முதுகில் இடம்காட்டும் கருவி கட்டிவிட்ட பன்னிரண்டு பருந்துகளில் பதினொன்று, குளிர் தொடங்கியதும் ஒழுங்காகத் தெற்கே கிளம்பிவிட்டன. ஏழாம் எண் மட்டும் நகரவில்லை. மூன்று வாரமாக அதன் புள்ளி வரைபடத்தில் ஒரே இடத்தில் குந்தியிருந்தது.

“செத்திருக்கும்மா. கருவியாவது மிஞ்சட்டும், போய் எடுத்துட்டு வா” என்றார் பேராசிரியர். அவருடைய துக்கம் அத்தோடு தீர்ந்தது.

ஆராய்ச்சி மாணவி இரண்டு மணி நேரம் ஸ்கூட்டர் ஓட்டிப் போனாள். புள்ளி காட்டிய இடம் கோழி அறுக்கும் தொழிற்சாலையின் பின்பக்கம். நாற்றம் தெருமுனைக்கே வந்து வரவேற்றது.

“முதுகுல சின்னப் பெட்டியோட ஒரு பருந்து செத்துக் கிடந்துச்சாண்ணே?” என்று காவலாளியிடம் கேட்டாள்.

“சாகுறதா? அங்க பாருங்க. மாப்பிள்ளைன்னுதான் கூப்பிடுவோம். பத்து மணிக்குக் கழிவு லாரி இங்க வந்து கொட்டும். ஒன்பதே முக்காலுக்கே வந்து உக்காந்துடுவாரு. சாப்பிடுவாரு, தூங்குவாரு. வேற சோலி கிடையாது.”

தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஏழாம் எண் தொப்பை தள்ளி உட்கார்ந்திருந்தது. மூவாயிரம் கிலோமீட்டர் பறக்கும் என்று அதை நம்பி அவள் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். கோபம் வந்தது, கூடவே சிரிப்பும் வந்து தொலைத்தது.

பேராசிரியரைப் போனில் கூப்பிட்டாள். “உயிரோடதான் இருக்கு சார். கொழுத்துப் போய்.”

“அப்புறம் ஏன் கிளம்பல?”

“எதுக்குக் கிளம்பணும் சார்? சாப்பாடு லாரியில வருது.”

“கருவி பழுதுன்னு எழுதிடு. பதினொண்ணு போதும்.”

“கருவி நல்லாதான் சார் இருக்கு. நான் அப்படி எழுத மாட்டேன்.”

போனை வைத்தாள். காவலாளி தன் நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். பைனாகுலரை எடுத்து, கூரையில் வரிசையாக இருந்த மற்ற பருந்துகளைப் பார்த்தாள். ஒன்றின் காலில் மஞ்சள் வளையம். அடுத்ததிலும். முந்தைய ஆண்டுகளில் அவர்கள் குழுவே மாட்டிய வளையங்கள். ‘காணவில்லை’ என்று பட்டியலில் எழுதி மூடிய பறவைகள், பத்தொன்பது, இங்கே பந்திக்குக் காத்திருந்தன.

பத்தொன்பது என்று குறிப்பேட்டில் எழுதி, அதைப் படம் பிடித்துப் பேராசிரியருக்கு அனுப்பினாள்.

மறுநாள் அவரே வெள்ளைச் சட்டையும் மூக்கில் கைக்குட்டையுமாக வந்தார். அரை மணி நேரம் கூரையைப் பார்த்தார்.

“இருபது. தகரத்துக்குப் பின்னால ஒண்ணு இருக்கு, விட்டுட்ட பாரு” என்றார்.

அவள் பத்தொன்பதை அடித்துவிட்டு இருபது என்று எழுதினாள்.