வல்குயிலை எங்கே உடைப்பது

அது 1979. அடி அண்ணாமலையில் கிணறு வெட்டித்தர ஹாலந்திலிருந்து வந்திருந்த பீட்டர் சாருக்கு டைப்பிஸ்ட் தேவைப்பட்டது. டச்சு எனக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. அவர் டச்சில் எழுதித்தரும் கிணற்று அறிக்கையைப் பார்த்து எழுத்துப் பிசகாமல் அடிப்பேன், அவ்வளவுதான். ஒரு வாரம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். வேலை கிடைக்காவிட்டால் கீழ்பென்னாத்தூருக்குத் திரும்பிப் போய் மல்லாக்கொட்டை உரிக்க வேண்டும். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டச்சுக்காரர்கள் நாலு சொல்லை ஒட்டி ஒன்றாக்கிவிடுவார்கள். வரி முடிகிறது என்று மெஷினில் மணி அடித்தால் அதை உடைத்து, சின்னக் கோடு போட்டு, மிச்சத்தை அடுத்த வரியில் அடிக்க வேண்டும்.

"ரெண்டு வார்த்தை ஒட்டின இடத்தில உடைங்க, கஸ்தூரி. மொத வார்த்தைய அழுத்திச் சொல்லுவோம், காதுல கேளுங்க," என்றார் பீட்டர் சார், கிணறு வெட்டுகிறவர்களிடம் கற்ற தமிழில்.

அவர் வாசிக்க வாசிக்க நான் பென்சிலால் குறித்துக்கொள்வேன். ஐந்து நாள் நன்றாகத்தான் போனது. சனிக்கிழமை அவர் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து மணி அடித்தது. வரிக் கடைசியில் வந்த சொல்லை எழுத்துக்கூட்டினால் 'வல்குயில்'.

கிணற்று அறிக்கையில் குயிலுக்கு என்ன வேலை? நானா ஏமாறுவேன்? பள்ளிக்கூடத்தில் புணர்ச்சி இலக்கணத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கு என்றால் க் கூட்டல் உ. 'வல்க்' இந்த வரியில், 'உயில்' அடுத்த வரியில். கிணற்றுக்கு யாராவது உயில் எழுதுவது நியாயம்தானே.

சாயங்காலம் அதைப் படித்த பீட்டர் சார் சிரித்துச் சிரித்து இருமினார்.

"வல்னா விழுறது, குயில்னா குழி. சுவர் இல்லாத கிணறு ஆட்டுக்கு விழுகுழின்னு எழுதினேன். நீங்க உடைச்சதுல வல்க்னா வல்லூறு, உயில்னா ஆந்தை!"

குயிலை விரட்டப்போய் ரெண்டு பறவையை உட்கார வைத்திருக்கிறேன். அவமானத்தில் காது சுட்டது.

"சிரிக்காதீங்க சார். எப்டி உடைச்சாலும் அழுத்தம் மொதல்லதான விழுது? மொத வார்த்தை எங்க முடியுதுன்னு காது எப்டிச் சொல்லும்? வேலை உண்டா இல்லியா, அத்த சொல்லுங்க."

அவர் சிரிப்பு நின்றது. 'வல்க்', 'வல்' என்று இரண்டையும் தனக்குள் சொல்லிப் பார்த்தார்.

"நெஜந்தான். எனக்கே இது தோணல," என்றார்.

என்னை எழுப்பிவிட்டு மெஷின்முன் உட்கார்ந்தார். புதுத் தாள் செருகி ஒற்றை விரலால் தட்டினார். முதலில் என் பெயர் விழுந்தது, அதன் பின்னால் வரி நெடுக டச்சுச் சொற்கள். பிறகு ஏதோ நீளச் சொல்லை ஆரம்பிக்கப் போனார், மணி அடித்தது.

"கிணத்து அறிக்கை டைப்பிஸ்ட். உங்க உத்தியோகம், எங்க பாஷையில ஒரே வார்த்தை," என்று திரும்பினார். "எங்க உடைக்கலாம்?"

"உடைக்காதீங்க சார்," என்றேன். "அடுத்த வரியில முழுசா அடிங்க."