நகுலேஸ்வரன் எதிர் இத்தாலி

வணக்கம் பிள்ளைகளே, எல்லோரும் சுகமாக இருக்கிறீர்களா? முழங்கால் நோகிறவர்கள் காலைத் தூக்கிக் கதிரையில் நீட்டிக்கொள்ளுங்கள், தேத்தண்ணீரை ஆறவிடாமல் குடியுங்கள். சந்திரமதியின் கதை கொஞ்சம் நீளம். ஆனாலும் அவளுடைய வழக்கைவிடக் குறைவுதான்.

இத்தாலியிலே பலேர்மோவில், பல்லரோச் சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் நாலாம் மாடியில், ஒற்றை அறையில் இருந்தாள் சந்திரமதி. வயது ஐம்பத்திரண்டு. பிள்ளைகள் இல்லை. காலையில் ஒரு கிழட்டுச் சின்யோராவை, இத்தாலிய வீட்டு அம்மாவை, குளிப்பாட்டிச் சாப்பாடு தீத்துவாள். மத்தியானம் இன்னொரு வீட்டில் நிலம் துடைப்பாள். பின்னேரம் வீட்டுக்கு வந்தால் யன்னல், அடுப்பு, கட்டில். கதைக்க ஆளில்லை.

புருசன் நகுலேஸ்வரன் எண்பத்தேழாம் ஆண்டு, துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் ஏணியிலிருந்து விழுந்து இறந்துபோனார். ஏணியில் ஒரு படி இல்லை என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். ஆள் குடித்துவிட்டு ஏறினான் என்று களஞ்சியக்காரன் சொன்னான். களஞ்சியக்காரன் சொன்னதுதான் கடதாசியில் ஏறியது.

அந்தக் கதை கடல் தாண்டி யாழ்ப்பாணத்துக்கும் போய்விட்டது. நகுலேஸ்வரனின் தங்கை சறோஜா ஒரு கடிதம் போட்டாள். "அண்ணா குடிக்கிறவர் எண்டதை ஏன் எங்களிட்டை மறைச்சனீங்கள், மச்சாள்? அம்மா வெளியிலை இறங்கிறதை விட்டிட்டா."

சந்திரமதி பதில் எழுதவில்லை. வெறும் வாயால் இல்லை என்று சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்? நீதிமன்றத்தில் வழக்குப் போட்டாயிற்று, கோடு சொல்லட்டும், அந்தக் கடதாசியையும் வைத்தே எழுதுகிறேன் என்று இருந்தாள். அப்படியே பதினொரு வருசம் ஓடிப்போனது.

கோட்டில் என்ன நடந்தது என்று கேட்கிறீர்களா? தவணைதான் நடந்தது, தேதி மாறி மாறிப் போனது. ஒரு நீதிபதி மாற்றலாகிப் போனார், இன்னொருவர் ஓய்வு பெற்றார், மூன்றாவதாக வந்த அம்மா பிள்ளை பெறப் போனா. ஒருமுறை வழக்குக் கோப்பே காணாமல் போனது. ஒவ்வொரு தவணைக்கும் சந்திரமதி அரைநாள் லீவு எடுத்து, மண்ணிறக் குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டு போய் மர வாங்கில் உட்கார்ந்திருப்பாள். ஐந்து நிமிசத்தில் அடுத்த தேதியை எழுதிக்கொண்டு திரும்புவாள்.

மூன்று வருசத்துக்கு முன்னர் கியாரா என்று ஒரு இளம் லோயர் வழக்கைப் பொறுப்பெடுத்தாள். பிரான்சிலே ஸ்ட்ராஸ்பூர்க்கில் மனித உரிமைக்கென்று ஒரு பெரிய கோடு இருக்கிறது, அங்கேயும் ஒன்று போடலாம் என்றாள். சந்திரமதி காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தாள். பெரிய கோடு என்பது மட்டும்தான் அவளுக்கு விளங்கியது.

தொண்ணூற்றெட்டு செப்டம்பரில் ஒரு தடித்த கடிதம் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு செல்வராசாவின் கடைக்கு ஓடினாள். மிளகாய்த்தூளும் அப்பளமும் விற்கிற கடை. ஊராருடைய கடிதங்களை வாசித்துச் சொல்லுகிறவனும் அவன்தான்.

"அக்கா, இதைப் பாருங்கோ!" அவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். "நகுலேஸ்வரன் எதிர் இத்தாலி எண்டு கிடக்குது."

"எங்கை? காட்டு தம்பி."

"இஞ்சை. அத்தானின்ரை பெயர், கொட்டை எழுத்திலை. கீழை லோயர் தன்ரை கையாலை எழுதியிருக்கிறா, வெண்டிட்டமாம்!"

"வடிவா வாசி."

"வடிவாத்தான் வாசிக்கிறன். இத்தாலி பிழை விட்டது எண்டு தீர்ப்பு. ஒரு நாட்டோடை மல்லுக்கட்டி வெண்டிருக்கிறார் மனுசன், நீங்கள் என்னெண்டால் வாசி வாசி எண்டு நிக்கிறியள்."

கடையில் அரிசி வாங்க நின்ற சூசையம்மா சந்திரமதியைக் கட்டிப்பிடித்தாள். அதே கட்டடத்தில் கீழ்மாடிக்காரி அவள்.

"நான் அப்பவே சொன்னனான். அந்தாள் தேத்தண்ணியே சீனி குறைச்சுக் குடிக்கிற பிறவியெல்லோ!"

"அப்ப நீங்கள் வேறை மாதிரிச் சொன்னதாய்க் கேள்வி, சூசையம்மாக்கா" என்றான் செல்வராசா.

"நீ அரிசியை நிறு."

சந்திரமதிக்கு இரண்டும் காதில் விழவில்லை. நேரே வீட்டுக்குப் போய், கட்டிலில் இருந்தபடியே சறோஜாவுக்கு எழுதினாள். "கோடு தீர்ப்புச் சொல்லிப்போட்டுது. அண்ணா குடிக்கேல்லை. மாமிக்குச் சொல்லுங்கோ." மூன்றே வரிதான். பதினொரு வருசமாக மனதுக்குள் எழுதியது அதைவிட எவ்வளவோ நீளம். ஆனால் பேனையை எடுத்ததும் அவ்வளவுதான் வந்தது. தபால் கந்தோர் பூட்ட முன்னம் ஓடிப்போய்ப் போட்டுவிட்டாள்.

மூன்று நாள் கழித்துக் கியாராவின் அறைக்குப் போனாள். மொழிபெயர்க்கச் செல்வராசா கூட வந்தான். கியாரா சிரித்த முகத்தோடு கனநேரம் கதைத்தாள். அவள் கதைக்கக் கதைக்கச் செல்வராசாவின் முகம் கறுத்துக்கொண்டே போனது.

"என்ன தம்பி, வாயை மூடிக்கொண்டு நிக்கிறாய்?"

"அக்கா... இது வேறை வழக்காம்."

"என்ன வேறை வழக்கு? அவரின்ரை பெயர் கிடக்குது."

"அது உங்கடை பெயராம்."

நம்முடைய பெண்கள் கடவுச்சீட்டில் தங்கள் பெயருக்குப் பின்னால் புருசனின் பெயரைப் போடுகிறார்கள் அல்லவா? இத்தாலியருக்கு அது குடும்பப் பெயர். அவர்களுடைய கடதாசியில் சந்திரமதிதான் நகுலேஸ்வரன்.

"வழக்குப் போட்ட ஆள் நீங்கள்" என்றான் செல்வராசா. "ஒரு வழக்கை நியாயமான காலத்துக்குள்ளை முடிக்கவேணும். இத்தாலி உங்களை அளவுக்கு மிஞ்சிக் காக்க வைச்சுப்போட்டுது. அது மனித உரிமைக்குப் பிழையாம். அதுக்கு அரசாங்கம் நட்டஈடு தரும்."

"ஏணி?"

"ஏணியைப் பற்றி ஒண்டும் இல்லை."

"குடி?"

"அதைப் பற்றியும் இல்லை, அக்கா. நான்தான் அவசரப்பட்டிட்டன். என்னை நாலு பேச்சுப் பேசுங்கோ."

சந்திரமதி மேசையில் கிடந்த கடதாசியைத் தன் பக்கம் இழுத்து, அந்தப் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்ப ஆள் செத்ததுக்கு இன்னும் ஒரு சொல்லும் இல்லை. பிந்தினதுக்குக் காசு."

"காத்திருந்த வேதனைக்கு எண்டு சொல்லுறா."

"காத்திருந்தது நோகேல்லை எண்டு அவவுக்குச் சொல்லு. தவணைக்குத் தவணை எனக்கு ஒரு அலுவல் இருந்தது, உடுத்து வெளிக்கிட்டுப் போக ஒரு இடம் இருந்தது. மற்ற நாளுகளிலைதான்..."

செல்வராசா அதை மொழிபெயர்க்கவில்லை.

பழைய வழக்குக்கு நவம்பர் பத்தொன்பது தவணை என்றாள் கியாரா. களஞ்சியக் கொம்பனி எப்போதோ பூட்டியாயிற்று, வென்றாலும் பெரிதாக ஒன்றும் வரப்போவதில்லை, நட்டஈட்டை வாங்கிக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம், யாரும் குறை சொல்லமாட்டார்கள் என்றாள். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, பிள்ளை பாவம்.

"விடேலாது" என்றாள் சந்திரமதி. "நான் சறோஜாவுக்கு எழுதிப்போட்டன்."

கடிதம் அப்போது கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்திருக்கும். சண்டையால் பாதை பூட்டிக் கிடந்த காலம், அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கப்பல் ஓடினால்தான் கடிதமும் ஓடும். பதினொரு வருசம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, திறந்தவுடன் பொய் சொல்லியாயிற்று என்று அவள் தன்னையே ஏசிக்கொண்டாள். சின்யோராவுக்குச் சாப்பாடு தீத்தும்போதும் அதே எண்ணம், நிலம் துடைக்கும்போதும் அதே எண்ணம். சொல்லி அழ ஒருவரும் இல்லை. தெருவிலே கண்ட தமிழர்களெல்லாம் "வாழ்த்துக்கள்" என்றார்கள். அவள் "ஓம், ஓம்" என்று தலையாட்டிக்கொண்டு நடந்தாள்.

நவம்பர் பத்தொன்பது வந்தது. ஐந்தாவது நீதிபதி, கண்ணாடி போட்ட ஒரு அம்மா. களஞ்சியக்காரன் பக்கத்து லோயர் எழும்பித் தவணை கேட்டார். நீதிபதி நாட்காட்டியைப் புரட்டத் தொடங்கினா. வழமைபோல ஐந்து நிமிசத்துக்குள் முடியவேண்டிய காரியம்.

சந்திரமதி எழுந்து நின்றாள். கியாரா அவளுடைய குளிர்கோட்டின் கையைப் பிடித்து இழுத்தாள். அவள் திரும்ப உட்காரவில்லை.

அவளுக்குத் தெரிந்தது குசினி இத்தாலியன், சமையலறைப் பேச்சு. "கழுவுகிறேன்", "வைக்கிறேன்", "வருகிறேன் சின்யோரா". அதை வைத்துக்கொண்டு என்னத்தைச் சொல்வது? ஆனாலும் வாயைத் திறந்தாள்.

"ஒரு விசயம், சின்யோரா."

நீதிபதி நிமிர்ந்தா. "நீங்கள்தானே நகுலேஸ்வரன்?"

"இல்லை. நகுலேஸ்வரன் செத்தது. நான் சந்திரமதி, மனைவி."

"சொல்லுங்கள்."

"என் கணவர் குடிக்கிறது இல்லை. ஒருநாளும் இல்லை."

"குடித்திருந்தார் என்று இங்கே எழுதியிருக்கிறதே."

"எழுதினது அவர்கள். என்னிடம் கேட்டது ஒருவரும் இல்லை. தேதி தருகிறார்கள், நான் போகிறேன். கேட்கிறது இல்லை."

நீதிபதி நாட்காட்டியை மூடி வைத்தா. "சரி, நான் கேட்கிறேன். குடிக்கமாட்டார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சந்திரமதி விரல் விட்டு எண்ணினாள். பிறகு சொன்னாள்: "நத்தார் பண்டிகைக்கு முதலாளி எல்லோருக்கும் ஒரு போத்தல் வைன் தருகிறார். என் கணவர் அதைக் கொண்டு வருகிறார். கீழ் வீட்டில் மொரீசியஸ்காரர் குமாரென். அவருக்கு வைன். எங்களுக்கு அவர் ஊறுகாய். நாலு நத்தார், நாலு போத்தல் ஊறுகாய்."

எழுத்தர் களுக்கென்று சிரித்துவிட்டார். நீதிபதி சிரிக்கவில்லை. "எழுதுங்கள்" என்றா. "ஊறுகாயையும் சேர்த்து."

தட்டச்சு இயந்திரம் கடகடவென்று ஓடியது. சந்திரமதி நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இது தீர்ப்பு அல்ல, சின்யோரா" என்றா நீதிபதி. "நீங்கள் சொன்னது, அவ்வளவுதான். இந்தக் குமாரெனையும், ஏணியைக் கண்டவர்களையும் நான் கேட்கவேண்டும்." பிறகு தேதி சொன்னா. இரண்டாயிரமாம் ஆண்டு, ஜனவரி.

சந்திரமதி எழுதிக்கொண்டாள். இந்த முறை தீர்ப்புக்கும் மற்றதுக்கும் உள்ள வித்தியாசம் அவளுக்கு நன்றாக விளங்கியிருந்தது.

ஒரு கிழமை கழித்துக் கியாரா அந்தப் பக்கத்தின் பிரதியை எடுத்துக் கொடுத்தாள். சந்திரமதி அதைச் செல்வராசாவிடம் கொண்டு போகவில்லை. வீட்டிலே தனியே இருந்து, எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி வாசித்தாள். மத்தியானம் முழுக்க எடுத்தது. ஊறுகாய் என்கிற இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. பிறகு கடதாசியும் பேனையும் எடுத்தாள்.

"சறோஜா, முதல் கடிதத்திலை நான் எழுதினது பிழை. நான் வெண்டது வேறை வழக்கு. என்னைக் கனகாலம் காக்க வைச்சதுக்குக் காசு தருகினம், அவ்வளவுதான். அண்ணா குடிக்கேல்லை எண்டு கோடு இன்னும் சொல்லேல்லை. நான் சொன்னனான். எழுதியிருக்கினம். அந்தக் கடதாசியை இதோடை வைக்கிறன், இத்தாலியனிலை இருக்குது. கோடு சொல்லுமட்டும் பாத்துக்கொண்டு இருக்காமல் இதை நான் முதலே எழுதியிருக்க வேணும். நம்பினால் நம்புங்கோ. நம்பாட்டிலும் ஒரு பதில் போடுங்கோ."

எந்தக் கடிதம் முதலில் யாழ்ப்பாணம் போய்ச் சேரும் என்பது அவள் கையில் இல்லை. ஒட்டி, முத்திரை குத்தக் கொடுத்துவிட்டுச் சின்யோரா வீட்டுக்கு வேலைக்குப் போனாள்.

உங்களில் எத்தனை பேர் இப்படி ஒரு கடதாசிக்காக வருசக்கணக்காகக் காத்துக் கிடந்தீர்கள் பிள்ளைகளே? வழக்கோ, விசாவோ, ஓய்வூதியமோ, எதுவானாலும் எனக்கு எழுதுங்கள். கடைசியில் என்ன வந்தது என்று மட்டுமல்ல, அதுவரைக்கும் யாரோடு கதைத்துக்கொண்டிருந்தீர்கள் என்றும் எழுதுங்கள்.