பெரில் நல்லாருக்குன்னு சொல்லிட்டா

எனக்கு மூக்கு செத்துப்போய் எட்டு வாரம். பிப்ரவரில ஒரு சளிக்காய்ச்சல் வந்துச்சு. பத்து நாள்ல போயிருச்சு, போகும்போது வாசனையையும் ருசியையும் சேத்து வாரிட்டுப் போயிருச்சு. "திரும்ப வரலாம், வராமலும் போகலாம், பாப்போம்"னாங்க டாக்டரம்மா. பாப்போமாம். அவங்களுக்கென்ன, டீ மட்டும் குடிக்கிற ஆளு.

நான் யார்க்‌ஷயர்ல, ஹாலிஃபாக்ஸ் பக்கத்துல முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினவ. ஆனா பஸ்ஸுக்காக என்னை யாருக்கும் ஞாபகமில்ல. நாக்குக்காகத்தான் இந்த பெரிலைத் தெரியும். எங்க பீர் சங்கத்துப் பத்திரிகையில கடைசிப் பக்கம் என்னோடது. யாரையும் விட்டு வச்சதில்ல. லண்டன் பக்கத்து பீர் பாத்திரம் கழுவின தண்ணியாட்டம் சப்புனு இருக்கும்னு எழுதிருக்கேன். ஸ்காட்லாந்துக்காரங்க போடுறது இனிப்பு, பல்லு விழுந்தவங்க பன்னுக்குத் தொட்டுக்கலாம். பர்ட்டன் ஊர்த் தண்ணில போட்டதுல தீக்குச்சி உரசின வாசனை வரும். எனக்கு அது பிடிக்கும், பிடிக்காதவங்க லெமனேட் குடிக்கட்டும். கார்ன்வாலைப் பத்தி என் வாயைக் கிளறாதீங்க. எங்க யார்க்‌ஷயர் கசப்பு இருக்கே, அதுதான் பீர். மேல ரெண்டு விரல் கனத்துக்கு நுரை, உள்ள சுருக்குனு ஒரு கசப்பு, கிளாஸ் காலியானதும் கை தானா இன்னொண்ணுக்கு நீளணும்.

அந்த நாக்குதான் போச்சு. யார்கிட்டயும் சொல்லல, எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு சொல்ல? பழைய நோட்டை எடுத்து, அஞ்சாறு வருஷம் முன்னாடி எழுதினதையே பேரை மாத்திப் போட்டு ரெண்டு மாசத்தை ஓட்டிட்டேன். வெக்கக்கேடு. தினம் காலைல வெங்காயத்தை நறுக்கி மூக்குகிட்ட வச்சுப் பாப்பேன். கண்ணுல தண்ணி கொட்டும், வாசனை மட்டும் வராது. அப்படியே அடுப்படில உக்காந்து அழுத நாளும் உண்டு.

இதுல பெரிய சிக்கல் லெஸ். எங்க தெருமுனை 'கறுப்புக் கடா' பப்பை நடத்துறவன். கல்லீரல் கெட்டு, பன்னெண்டு வருஷமா ஒரு சொட்டு தொடாதவன். அதனால சனிக்கிழமை மத்தியானம் பன்னெண்டுக்குக் கதவு திறந்ததும் முதல் கிளாஸ் எனக்கு. நான் ஒரு வாய் குடிச்சுட்டுத் தலையாட்டினாத்தான் மத்தவங்களுக்கு ஊத்துவான்.

அந்த சனிக்கிழமை கிளாஸை என் முன்னாடி வச்சுட்டு லெஸ் கையைப் பிசைஞ்சான்.

"அக்கா, வியாழக்கிழமை கீழ நிலவறைல குளிர் மெஷின் நின்னுபோச்சு. நேத்துதான் சரி பண்ணினோம். பீப்பாய் தப்பிச்சிருக்கும்னு நினைக்கிறேன். கொஞ்சம் நல்லாப் பாத்து சொல்லுங்க."

அப்பவே உண்மையைச் சொல்லித் தொலைச்சிருக்கணும். சொல்லல. வெளிச்சத்துல தூக்கிப் பாத்தேன், நிறம் தெளிவா இருந்துச்சு. நுரையும் சரி. ஒரு வாய் குடிச்சேன். ஜில்லுனு ஏதோ இறங்குச்சு, அவ்ளோதான்.

"நல்லாருக்குடா. போன வாரத்தை விட ஒரு படி மேல."

லெஸ் முகத்துல உயிர் வந்துச்சு. அன்னிக்கு வந்திருந்த பதினாலு பேருக்கும் ஊத்தினான். கடைசியா டெஸ்மண்ட். கணக்கு வாத்தியாரா இருந்து ரிட்டயரானவர், கென்ட் பக்கத்துத் தெற்கத்தியான். பத்தொன்பது வருஷமா எங்க ஊர்ல இருந்தும், நுரை வேணாம், குழாய் முனைல நுரை கிளப்புற சல்லடை மூடியைக் கழட்டிட்டு ஊத்துன்னு அடம் பிடிக்கிற ஆளு. நான் நல்லாருக்குன்னா மோசம்பாரு, மோசம்னா அமிர்தம்பாரு.

அவரு ஒரு வாய் குடிச்சாரு. மீசை ஒரு ஆட்டம் ஆடுச்சு.

"எப்படி இருக்கு, தெற்கத்தியாரே?"

"ம். நல்லாவே இருக்கு பெரில். இந்தத் தடவை நீ சொன்னது சரிதான்."

இந்த மனுஷன் என்னோட ஒத்துப்போனதே கிடையாது. சுத்திப் பாத்தேன். எல்லாரும் மருந்து குடிக்கிற குழந்தைங்க மாதிரி கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சிட்டு இருக்காங்க. பன்னெண்டரைக்குள்ள மூணு கிளாஸ் இறக்குற கசாப்புக்கடை ராயோட கிளாஸ் பாதி கூடக் குறையல. ஆனா ஒருத்தரும் குறை சொல்லல. எங்க ஆளுங்க அப்படித்தான், முடிவெட்டுறவன் காதை வெட்டினாலும் "ரொம்ப நல்லாருக்கு, நன்றி"ன்னு சொல்லிட்டு வெளிய வந்து அழுவாங்க. அதுலயும் பெரில் நல்லாருக்குன்னு சொல்லிட்டா. அதுக்கு மேல யாரு பேசுவா?

பயத்துல நான் ஒரு பெரிய மடக்கு குடிச்சேன். அப்ப நாக்கோட அடில, ஓரத்துல, ஏதோ சுள்ளுனு குத்துச்சு.

எங்க ஊர்ல சிப்ஸ் மேல ஊத்துவோமே, அந்த வினிகர். யாரு சிப்ஸ் வாங்கிட்டு வந்ததுன்னு திரும்பிப் பாத்தேன். ஒருத்தர் கைலயும் இல்ல. சமையல்கட்டு ஒரு மணிக்குத்தான் திறக்கும். கிளாஸை மூக்குகிட்ட கொண்டு போனேன். அதுலதான் இருந்துச்சு. இன்னொரு வாய் குடிச்சேன். வினிகர், அதுக்குக் கீழ அழுகின ஆப்பிள், அதுக்கும் கீழ ஈரச் சாக்கு. அவ்ளோ கேவலமான பீரை நான் ஜென்மத்துல குடிச்சதில்ல. கண்ணுல பொலபொலன்னு கொட்டுது.

"லெஸ், இது கெட்டுப்போச்சுடா."

"என்னக்கா, இப்பத்தானே நல்லாருக்குன்னீங்க?"

"பொய் சொன்னேன். எட்டு வாரமா எனக்கு வாசனையும் தெரியல, ருசியும் தெரியல. யார்கிட்டயும் சொல்லல. இப்பத்தான் தெரியுது. இது புளிச்ச காடி."

பதினாலு கிளாஸும் ஒரே நேரத்துல மேஜைல உக்காந்துச்சு.

"அப்பாடா," டெஸ்மண்ட் நெஞ்சுல கையை வச்சாரு. "என் நாக்குதான் போச்சுன்னு நினைச்சேன். திங்கக்கிழமை டாக்டர்கிட்ட போக இருந்தேன்."

"அதுக்காக நல்லாருக்குன்னு சொல்வியாய்யா?"

"பின்ன, உன்கிட்ட போயா என் நாக்கு செத்துப்போச்சுன்னு சொல்லச் சொல்ற? ஆமா, ரெண்டு மாசமா எப்படி எழுதின?"

"பழைய நோட்டு."

"அதான் முன்னாடியே படிச்ச மாதிரி இருந்துச்சு."

ராய் வாய்விட்டுச் சிரிச்சான். லெஸ் சிரிக்கல, என்னையே பாத்துட்டு நின்னான்.

"என்கிட்டயாவது சொல்லிருக்கலாமேக்கா."

"சொன்னா வேற ஆளை வச்சுப்பன்னு பயந்தேன்."

"வேற யாரை? இவரையா?"

"நான் இங்கதான் இருக்கேன்," டெஸ்மண்ட் முனகினாரு.

லெஸ் குழாயை அடைச்சான். வாளியை எடுத்துட்டு வந்து ஒவ்வொரு கிளாஸா அதுல கொட்டினான். என்கிட்ட வந்து கையை நீட்டினான்.

"கொடுங்கக்கா, கொட்டிட்டு வேற பீப்பாய்ல இருந்து நல்லதா ஒண்ணு தர்றேன்."

நான் கிளாஸை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன்.

"தொடாதே."

"அக்கா, அது காடிக்கா."

"தெரியுதுடா"ன்னேன். "எனக்குத் தெரியுது."

ஒரு சொட்டு மிச்சம் வைக்காம குடிச்சேன்.