பிலோமினாவைத் தூக்கிச் சென்ற டிராகன்

திங்கள்கிழமை காலை பத்தரை மணிக்கு என் மனைவி பிலோமினாவை டிராகன் தூக்கிக்கொண்டு போனது. பத்திரிகையின் அட்டைப்படம் அச்சான நேரமும் அதுதான். தவறு முழுக்க என்னுடையது.

நான் ஒரு வாரப் பத்திரிகையில் டிராகன் தொடர்கதை எழுதுகிறேன். எங்கள் பத்திரிகையில் முதலில் படம், பிறகுதான் கதை. வண்ணப் பக்கங்கள் முன்னதாகவே அச்சுக்குப் போயாக வேண்டும். ஓவியர் மாசிலாமணி போன் செய்து இந்த வாரம் என்ன காட்சி என்று கேட்பார். நான் ஒரு வரி சொல்வேன். அவர் வரைந்துவிடுவார். அவர் வரைந்ததற்குத் தகுந்தபடி நான் எழுதுவேன். பதினாறு வாரம் இப்படியே காலம் தள்ளிவிட்டோம்.

பதினேழாவது வாரம், டிராகன் ஓர் இளவரசியைத் தூக்கிச் செல்கிறது என்றேன். முகம் யார் சாயலில் இருக்கட்டும் என்று கேட்டார். எழுத்து ஓடாத எரிச்சலில் இருந்தேன். யார் சாயலில் வேண்டுமானாலும் போடுங்கள் அண்ணே என்று சொல்லிவிட்டேன். மாசிலாமணிக்கு நன்றாகத் தெரிந்த பெண் முகம் ஒன்றே ஒன்றுதான். எங்கள் வீட்டில் அவருக்கு மீன்குழம்பு ஊற்றிய முகம்.

பாதி உரித்த வெங்காயத்தோடு அவள் போனாள். ஜன்னல் கம்பி வளையக்கூட இல்லை. மேல்மாடிக்காரர் வந்து, கொடியில் காயப்போட்ட வேட்டியைக் காணோம் என்றார். டிராகனின் வாலில் மாட்டிக்கொண்டு போயிருக்கும் என்றேன். அப்படியானால் சரி என்று போய்விட்டார்.

அடுத்த இதழில் கடைசி அத்தியாயம். வியாழன் மாலைக்குள் நான் எழுதித் தரவேண்டும். அதற்குள் அவள் வெளியே வராவிட்டால், ‘முற்றும்’ என்று போட்டபின் கதைக்குள்ளேயே இருந்துவிடுவாள். பத்தொன்பது வருஷமாக என்னோடு இருப்பவள். எனக்கு அவள் வேண்டும். எழுத்தாளன்தான், ஆனால் இதை வேறு எப்படியும் சொல்லத் தெரியவில்லை.

எழுதிப் பார்த்தேன். டிராகன் அவளை வீட்டு வாசலில் பத்திரமாக இறக்கிவிட்டது என்று எழுதிவிட்டு வாசலுக்கு ஓடினேன். யாரும் இல்லை. பதினோரு முறை எழுதி, பதினோரு முறை ஓடினேன். படம் இல்லாத வரி செல்லாது.

புதன்கிழமை பத்திரிகை அலுவலகத்துக்குப் போனேன். மாசிலாமணியின் அறை தாழ்வாரத்தின் கடைசியில் இருக்கிறது. நடக்க நடக்கத் தாழ்வாரம் நீண்டது. உதவி ஆசிரியை வசுமதியின் மேசை மூன்று தடவை வந்தது. மூன்றாவது தடவை அவள் என்னை நிறுத்தி ஒரு படிவத்தைக் கொடுத்தாள். காணாமல்போனவர் வீட்டைச் சேர்ந்தவரா, கதையைச் சேர்ந்தவரா என்று அதில் கேட்டிருந்தது. வீடு என்று எழுதினேன். வசுமதி அட்டைப்படத்தை எடுத்துக் காட்டினாள். பிலோமினாவின் தலையில் கிரீடம் இருந்தது.

“ஊரெல்லாம் போயிடுச்சு சார். இனிமே அவங்க எங்க ஆளு,” என்றாள்.

பக்கத்து பெஞ்சில் டிராகன் உட்கார்ந்திருந்தது. அதன் கையிலும் ஒரு படிவம். பிலோமினா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறாள், ஆனால் குகையைப் பெருக்கிப் பெருக்கித் தன்னை ஓரிடத்தில் படுக்கவிடுவதில்லை என்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளை விட்டுவிடேன் என்று கெஞ்சினேன். தான் பிடித்து வைக்கவில்லை, படத்தில் அப்படி இருக்கிறது என்றது. அதற்கும் அதன் கவலை இருந்தது. கவிதைப் பக்கத்துக்கு மாற்றல் கேட்டு அலைந்துகொண்டிருந்தது.

“கவிதைன்னா மலைமேல படுத்தே கிடக்கலாம் சார். கதையிலதான் கடைசி வாரம் எவனாவது ஈட்டியோட வந்துடறான்.”

கவிதைக்கு எட்டு வரிதான் இடம், வால் அடங்காது என்று வசுமதி படிவத்தைத் திருப்பிக் கொடுத்தாள். டிராகன் அதை நான்காக மடித்து வைத்துக்கொண்டது.

மாசிலாமணி கடைசிப் படத்தை ஏறக்குறைய முடித்திருந்தார். குகை, டிராகன், பிலோமினா, ஈட்டியோடு ஓர் இளவரசன். குகைக்கு வெளியே வீடு போகும் வழி ஒன்று வரையச் சொன்னேன். அந்த இடத்தில் ஊறுகாய் விளம்பரம் வருகிறது என்றார். அப்படியானால் இளவரசனுக்குப் பதில் என்னைப் போடுங்கள் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

“உங்க மூஞ்சிக்குக் கிரீடம் நிக்காது தம்பி.”

அவர் காலைப் பிடித்தேன். வெட்கமே இல்லை. கடைசியில் மனமிரங்கி, ஆள் நீங்களாக இருங்கள், முகமும் குரலும் இளவரசனுடையதாக இருக்கட்டும் என்றார். வாசகர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது அவர்தானே. ஒப்புக்கொண்டேன். எந்த முகத்தோடு போனால் என்ன, பிலோமினாவுக்கு என்னைத் தெரியாமலா போகும் என்று நினைத்தேன். அவர் தூரிகையைத் தண்ணீரில் அலசினார்.

அவர் வரைந்து முடித்தபோது வியாழக்கிழமை ஆகியிருந்தது, நான் படத்துக்குள் நின்றேன். குகை சுத்தமாக இருந்தது. என்னைப் பார்த்ததும் பிலோமினா டிராகனின் காலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். நான்தான், உன் புருஷன் அருள்தாஸ் என்றேன். அவள் ஈட்டியையே பார்த்தாள். அதைக் கீழே போட முயன்றேன். வரைந்த ஈட்டி, கையோடு ஒட்டியிருந்தது.

எங்கள் கல்யாணத்தன்று கோயில் கூரை ஒழுகியதைச் சொன்னேன். பிறக்காமல் போன குழந்தைக்கு நாங்கள் வைத்திருந்த பெயரைச் சொன்னேன். அதை உலகத்தில் இரண்டே பேர்தான் அறிவோம். அவள் கண் கலங்கியது. தெரிந்துகொண்டாள் என்று ஓரடி முன்னால் போனேன்.

“அதையெல்லாமா அவர் உங்களுக்கு எழுதிக் கொடுத்தாரு?” என்றாள். “என்னை வெளிய கொண்டுபோக அவர் எதை வேணும்னாலும் எழுதுவாரு. ஆனா உங்களோட நான் வரமாட்டேன். அவரு வரட்டும்.”

டிராகன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. இன்றைக்கு வியாழக்கிழமை என்றேன். அங்கே யாரும் எழுதவில்லை, நாற்காலி காலி, நான் இங்கே நிற்கிறேன் என்று கத்தினேன். இளவரசனின் குரல் குகை முழுக்கக் கணீரென்று கேட்டது.

பிலோமினா உதட்டில் விரல் வைத்தாள்.

“சத்தம் போடாதீங்க சார். அவரு எழுதிட்டிருக்காரு.”

டிராகன் மூச்சைக்கூட மெதுவாக விட்டது. அவள் குகையின் கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன்.