செவ்வரத்தம்பூச் சர்பத்

"பெரியம்மா, நாளைக்குச் சந்தியில தாகசாந்தி. உங்கட செவ்வரத்தம்பூச் சர்பத் ரெண்டு வாளி வேணும்," என்றார் சங்கத் தலைவர் யோகராசா, வேலிக்கு வெளியே நின்றபடி.

"எதுக்கு தம்பி?"

"ரேடியோ கேக்கல்லையா? சண்டை முடிஞ்சிட்டு. வீட்டுக்கு வீடு கொடி கட்டச் சொல்லியிருக்காங்க. உங்களுக்கென்ன, மகன் கட்டார்ல சொகமா இருக்கான்."

"ஓம்," என்றாள் அன்னப்பூரணி.

ரதீஸ் கட்டாரில் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் வாகரைப் பக்கம் மேசன் வேலைக்குப் போனவனை இயக்கம் வழியில் பிடித்துக்கொண்டு போனது. வன்னியில் நிற்கிறான் என்று தையில் ஒரு சொல் வந்தது, அதோடு சரி. கட்டார் என்பது அவளும் புருஷன் நல்லரத்தினமும் கல்லடித் தெருவுக்காகக் கட்டிய கதை. அது உடைந்தால் யார் யார் படலையைத் தட்டுவார்கள் என்று இருவருக்கும் தெரியும்.

சுனாமியில் கடல் ஏறிப்போன வருடம் இந்த வளவில் புல்கூட முளைக்கவில்லை. கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க ஏலாத உப்பு. உன்னிச்சையில் தங்கச்சி வீட்டிலிருந்து செவ்வரத்தைத் தடிகள் முறித்து வந்து, நிவாரண வாளிகளில் குளத்து மண்ணை நிரப்பி ஊன்றினாள். மாரி மழை உப்பைக் கழுவிய பிறகுதான் நிலத்தில் இறக்கினாள். எல்லாம் ஒற்றைப் பூ. அடுக்குப்பூ அவளுடைய அடுப்புக்கு ஆகாது. தேங்காய்ப்பூ போட்டு வறை செய்தால் ரதீஸ் சட்டியை வழித்துத் தின்பான். அனலாக வீசும் கச்சான் காற்று தொடங்கினால் சர்பத்துக்குத் தெருவே வரும்.

விடிய நல்லரத்தினத்திடம் கேட்டாள்.

"ஏலாதெண்டு சொல்லிவிடட்டா?"

"சொல்லு. மறுகா ஏனெண்டு கேப்பான். அதுக்கும் ஒரு கதை வெச்சிருக்கியா?"

வளவுக்குள் இறங்கிப் பூப் பறித்தாள். காம்பையும் நடுத்தண்டையும் களைந்து கொதிநீர் ஊற்ற, இதழ்கள் வெளிறி, தண்ணீர் நாவற்பழக் கறுப்பாக நின்றது. தேசிக்காய்ப்புளி விழுந்ததும் அது பளிச்சென்று சிவப்பதைப் பார்க்க அவளுக்கு எப்போதும் ஆசை. இன்றைக்கு, "நீங்களே பிழிஞ்சு விடுங்க," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சந்தியில் வெடி கொளுத்தினார்கள். கன்னம் வலிக்கச் சிரித்தபடி அகப்பையால் வார்த்துக் கொடுத்தாள்.

"கட்டார் காசு விளையாடுது பெரியம்மா, சீனி கூடிப்போச்சு!" என்றார் யோகராசா. எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள். இந்தத் தெருக்காரி இல்லை. கோப்பையை வாங்கிக்கொண்டு தெருவோரம் போய்க் குந்தினாள். செத்தவர்களுக்கு நீர் வார்ப்பதுபோல மெல்ல மெல்ல மணலில் ஊற்றினாள். இவ்வளவு நாளும் ரதீஸ் இருக்கமாட்டான் என்ற நினைப்பை அன்னப்பூரணி வாசற்படி ஏறவிட்டதில்லை.

"ஆரது? குடிக்கத் தந்தத நிலத்தில ஊத்துறா?" யோகராசா உரக்கக் கேட்டார். மதிலோரம் துவக்கோடு நின்ற ஆமிக்காரனும் திரும்பினான்.

"கை தவறிட்டு தம்பி." தன் குரல்தானா என்று அன்னப்பூரணிக்கே சந்தேகமாக இருந்தது. "எனக்குத் தெரிஞ்ச புள்ளதான். இஞ்ச வா புள்ள, வெறுங்கோப்பையோட நிக்காத."

அந்தப் பெண் வந்தாள். முன்பின் பார்த்திராத முகம். அன்னப்பூரணி விளிம்பு வழிய நிரப்பினாள்.

"அக்கா," அந்தப் பெண்ணின் குரல் காதுக்கு எட்டியும் எட்டாமலும் வந்தது. "உங்கட ஆரும் அங்க..."

"குடி."

அவள் கோப்பையை உதட்டில் வைத்தாள். தொண்டை அசையவில்லை. துவக்குக்காரன் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தான். அன்னப்பூரணியின் கையில் அகப்பை, வாளிக்கு மேலே சொட்டிக்கொண்டே இருந்தது.